கூட்டமாக நீந்தும் சின்ன மீன்கள்: தொட்டி வைப்பது முதல் கூட்டத்தைக் காப்பது வரை

நியான் டெட்ரா இரண்டு, கார்டினல் டெட்ரா இரண்டு, ஒரு ஜோடி பார்ப், பார்க்க அழகாக இருந்ததால் இன்னும் மூன்று. முதல் தொட்டி வைப்பவர்கள் பலர் கடையிலிருந்து கொண்டுவரும் பை இப்படித்தான் இருக்கும். சில வாரங்களில் பாதி மீன்கள் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், மீதி ஒன்றையொன்று துரத்தும். தண்ணீர் சரியில்லையோ என்று மருந்து தேட ஆரம்பிப்பார்கள். தண்ணீரிலும் கோளாறு இருக்கலாம்தான். ஆனால் முதல் கோளாறு மீன் வாங்கும்போதே நடந்துவிட்டது.

மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள மீன் ஆற்றில் எல்லாருக்கும் இரை. அதற்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு எண்ணிக்கை. நூறு மீன்கள் ஒன்றாகத் திரும்பும்போது வேட்டையாடும் மீனால் ஒன்றைக் குறிவைக்க முடியாமல் போகிறது. கண்ணாலும், உடலின் பக்கக்கோட்டு உறுப்பு உணரும் நீரதிர்வாலும் பக்கத்து மீனின் அசைவை அறிந்து நீந்தும்படி பழகிய உயிர் அது. அதைத் தனியாக விட்டால் எந்நேரமும் ஆபத்தில் இருப்பதாகவே நடந்துகொள்ளும்: சரியாகச் சாப்பிடாது, நிறம் மங்கும், எளிதில் நோய் பிடிக்கும். அதனால் கூட்டத்தையே ஓர் உயிராக வைத்துக் கணக்குப் போடுங்கள். தொட்டியின் நீளம், வாங்கும் எண்ணிக்கை, தீனி, நோயைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதிலிருந்தே வரும்.

படி 1: எந்த மீன், எத்தனை

குறைந்தது ஆறு என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். ஆறு என்பது தாக்குப்பிடிக்கும் எண்ணிக்கை. இயல்பாக நடந்துகொள்ள வேண்டுமானால் பத்திலிருந்து தொடங்குங்கள். பட்ஜெட்டும் இடமும் பன்னிரண்டு மீனுக்குத்தான் இருக்கிறது என்றால் ஒரே இனத்தில் பன்னிரண்டு வாங்குங்கள். நான்கு இனத்தில் மும்மூன்று வாங்கினால் அது கூட்டமாகாது. நியானும் கார்டினலும் ஒன்றுபோல் தெரிந்தாலும் இனம் வேறு. சில நேரம் சேர்ந்து நீந்தும், ஆனால் ஒன்றின் எண்ணிக்கைக் குறையை மற்றொன்று ஈடுகட்டும் என்று நம்ப வேண்டாம்.

முதல் தொட்டிக்கு என் பரிந்துரை ஹார்லெக்வின் ராஸ்போரா. செம்பு நிற உடலில் கறுப்பு முக்கோணம், நாலரை சென்டிமீட்டருக்குள் நிற்கும், கொஞ்சம் கடினமான (தாது உப்பு மிகுந்த) தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். பெயர் பெற்ற நியான் டெட்ரா இதைவிட மென்மையான மீன், புதுத் தொட்டியைச் சகிக்காது. அமேசான் படுகையின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த இந்த மீன் அறிவியலில் பதிவானது 1936இல். கார்டினல் 1956இல். இரண்டையும் பிரித்தறிவது எளிது: நியானின் சிவப்புப் பட்டை உடலின் பின்பாதியில் மட்டும் இருக்கும், கார்டினலில் தலையிலிருந்து வால் வரை ஓடும். வெப்பத்திலும் வேறுபாடு உண்டு. நியானுக்கு 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் வசதி, கார்டினல் 27 டிகிரியிலும் நன்றாக இருக்கும். கார்டினல்களில் பல ரியோ நீக்ரோ பகுதியில் ஆற்றிலிருந்தே பிடிக்கப்படுபவை, அங்கே தண்ணீர் மிக மென்மையானது, அமிலத்தன்மை கொண்டது. உங்கள் தண்ணீர் கடினமானது என்றால் கார்டினலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

நிஜமாகவே ஒரே உடலாகத் திரும்பும் கூட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் அது ரம்மிநோஸ் டெட்ரா. தலை இரத்தச் சிவப்பு, வாலில் கறுப்பு வெள்ளைக் கோடுகள். தண்ணீர் கெட்டாலோ மீன் பயந்தாலோ தலைச் சிவப்பு வெளிறிவிடும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டை எடுக்கும் முன்பே சேதி தெரிந்துவிடும். 80 செ.மீ. நீளத்துக்குக் குறைந்த தொட்டியில் இதை வைக்காதீர்கள்.

ஜீப்ரா டேனியோ எதையும் தாங்கும் மீன், ஆனால் ஓயாமல் ஓடும், நீளம் கேட்கும். டைகர் பார்ப் நீண்ட துடுப்புள்ள மீன்களைக் கடிக்கும். எட்டுப் பத்துக்கு மேல் வைத்தால் சண்டையைப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். சிறிய தொட்டி என்றால் எம்பர் டெட்ரா அல்லது சில்லி ராஸ்போரா, இரண்டுமே இரண்டு சென்டிமீட்டர்தான். 2006இல் மியான்மரில் கண்டுபிடிக்கப்பட்ட செலஸ்டியல் பேர்ல் டேனியோ புள்ளிபோட்ட அழகி. ஆனால் அது செடிக்குள் பதுங்கும் மீன், அணிவகுப்பை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கூட இருக்க அடிமட்டத்தில் மேயும் கோரிடோராஸ் பொருந்தும், அதுவும் கூட்ட மீன்தான் என்பதால் ஒரே இனத்தில் குறைந்தது ஆறு வேண்டும். ஏஞ்சல் மீன் வேண்டாம். குட்டியாக இருக்கும்போது சாதுவாக இருக்கும், வளர்ந்தபின் நியான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். சாயம் ஏற்றிய மீன்களை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

படி 2: தொட்டி

செ.மீ.யில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 60×30×30 தொட்டி 54 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக உண்மையில் 45 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கும். பத்துப் பன்னிரண்டு நியானோ ஹார்லெக்வினோ வைக்க இதுவே தொடக்கம். சில்லி ராஸ்போராவுக்கு 30 லிட்டரும் போதும். கொள்ளளவைவிட நீளத்தைப் பாருங்கள். உயரமான, குறுகிய தொட்டி மேசைமேல் அழகாக இருக்கும், ஆனால் கூட்டம் இரண்டு துடுப்படி போட்டதும் கண்ணாடி வந்துவிடும். உருண்டைக் கிண்ணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் இந்தத் தொட்டி 70 கிலோவை நெருங்கும். சாதாரணப் புத்தக அலமாரி இதைத் தாங்காது. சமமான, ஆடாத மேடை வேண்டும். நேரடி வெயில் படும் ஜன்னலோரம் கூடாது, வெப்பமும் பாசியும் சேர்ந்து ஏறும். கதவு படார் என்று சாத்தப்படும் இடமும் கூடாது.

மூடி கட்டாயம். டேனியோக்கள் தாண்டிக் குதிக்கும், டெட்ராக்களும் பயந்தால் குதிக்கும். வயர் போகும் இடைவெளிகூட அவற்றுக்குப் போதும்.

படி 3: கருவிகள்

இந்த அளவுத் தொட்டிக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே நல்லது. குட்டி மீனை உறிஞ்சாது, இழுப்பு மெதுவாக இருக்கும், நல்ல பாக்டீரியா குடியிருக்க இடம் நிறைய. பின்புறம் தொங்கும் ஃபில்டர் வைத்தால் அதன் உறிஞ்சு குழாயில் ஒரு ஸ்பாஞ்சை மாட்டுங்கள். ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள், இல்லையேல் கரன்ட் போனால் தண்ணீர் குழாய் வழியாகத் தரைக்கு வந்துவிடும். மின்வயர்கள் ப்ளக்கை அடையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஹீட்டர் குளிரும் அறைக்குத்தான். லிட்டருக்கு ஒரு வாட் போதும். நாள் முழுக்க வெயில் கொளுத்தும் இடத்தில் பிரச்சினை தலைகீழ். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருந்தால் 30 டிகிரியில் ஏழரைதான். அப்போது நீர்ப்பரப்பு அலையடிக்கும்படி காற்றைக் கூட்டுங்கள். நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மூடி இருந்த இடத்தில் வலை போட மறக்க வேண்டாம். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள், திடீர் இறக்கம் வெப்பத்தைவிட மோசம்.

விளக்குக்கு டைமர், நாளைக்கு எட்டு மணி நேரம்.

படி 4: மணலும் செடியும்

அடர்நிற மணல், பின்கண்ணாடிக்குக் கறுப்புத் தாள். இந்த மலிவான இரண்டும் மீனின் நிறத்தை எடுத்துக்காட்டும் அளவுக்கு விலையுயர்ந்த விளக்கும் எடுத்துக்காட்டாது. வெளிறிய மணலில் மீன் தன் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும்.

செடிகளைப் பின்புறமும் இரு ஓரங்களிலும் அடர்த்தியாக வைத்து, நடுவையும் முன்பக்கத்தையும் காலியாக விடுங்கள். ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கூட்டம் துணிந்து வெளியே வரும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், ஜாவா மாஸ், வாலிஸ்னேரியா எல்லாம் குறைந்த வெளிச்சத்திலும் வளரும். முதல் இரண்டின் கிழங்குத் தண்டை மணலில் புதைக்காதீர்கள், அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். கொஞ்சம் மிதக்கும் செடி இருந்தால் மேலிருந்து விழும் வெளிச்சம் உடைந்து இறங்கும், டெட்ராக்களுக்கு அது பிடிக்கும்.

படி 5: தண்ணீரைத் தயார் செய்வது

இங்கேதான் பொறுமை போகும், மீனும் போகும். கண்ணாடி போலத் தெளிந்த புதுத் தண்ணீர் மீனுக்குத் தயாரான தண்ணீர் ஆகாது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது, மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் தொல்லையில்லை, தண்ணீர் மாற்றும்போது வெளியேறிவிடும். இந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு முன் மீன் விட்டால் அது தன் கழிவையே சுவாசிக்க வேண்டியதுதான்.

மீன் இல்லாமலே இதைச் செய்யலாம். தொட்டியை நிரப்பி, குளோரின் நீக்கி, ஃபில்டரை ஓடவிடுங்கள். வாசனையும் சோப்பும் கலக்காத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும் அளவுக்குச் சேருங்கள். திரவ டெஸ்ட் கிட்டால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் எதுவுமே நடக்காதது போல் இருக்கும். பிறகு அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், அது பல நாள் உச்சத்திலேயே நிற்கும், பின் ஒருநாள் சட்டென்று விழும். இடையில் அம்மோனியா பூஜ்யத்தைத் தொட்டால் மீண்டும் சேருங்கள், பாக்டீரியா பட்டினி கிடக்கக் கூடாது. 2 மில்லிகிராம் அளவுக்குப் போட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் இந்தக் காத்திருப்பு பாதிக்கும் கீழே குறையும்.

குழாய் நீரில் குளோரின் மட்டும் இருந்தால் ஒருநாள் திறந்து வைத்தாலே போய்விடும். குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது, அதற்கான நீக்கி மருந்து ஊற்றியே ஆக வேண்டும். எது கலக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் எப்போதும் ஊற்றிவிடுங்கள்.

தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் எண்ணைத் துரத்தி மருந்துமேல் மருந்து ஊற்றுவது வேண்டாத வேலை. 6.5க்கும் 7.5க்கும் இடையில் நிலையாக இருந்தால் பண்ணையில் வளர்ந்த பெரும்பாலான டெட்ரா, ராஸ்போராக்களுக்குப் போதும். ஏறி இறங்கும் பிஎச்தான் மீனைக் கொல்லும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் கடினத் தண்ணீர் என்றால் ஆர்ஓ தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். முழுக்க ஆர்ஓ ஊற்றாதீர்கள், தாது உப்பே இல்லாத நீரில் பிஎச் எந்நேரமும் சரியலாம். இன்னொன்று: பிஎச் 7இல் இருக்கும் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் கொடிய வடிவில் இருக்கும், பிஎச் 8இல் அது ஐந்து பங்கு. ஒரே டெஸ்ட் அளவு இரண்டு தொட்டியில் இரண்டு விதமாக முடிவது இதனால்தான்.

படி 6: வாங்குவதும் விடுவதும்

கடைத் தொட்டியின் முன் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வயிறு ஒட்டியிருக்கிறதா, துடுப்பு கிழிந்திருக்கிறதா, உடலில் வெள்ளைப் புள்ளி உண்டா, மூலையில் தனியாக ஒன்று நிற்கிறதா, அடியில் செத்த மீன் கிடக்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மீனும் வேண்டாம், தண்ணீர் அவற்றுக்குப் பொது. நேற்று வந்த மீனைவிட இரண்டு வாரம் கடையில் தேறிய மீன் மேல். தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

முறைப்படி தயாரான தொட்டி என்றால் கூட்டத்தை மொத்தமாக ஒரே தடவையில் வாங்குங்கள். நான்கு நான்காகச் சேர்த்தால் முதல் நான்கு தனிமையில் வாடும், ஒவ்வொரு தடவையும் புது நோய் வரும் வாய்ப்பும் கூடும். ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டி என்றால் புதியவற்றை வேறு தொட்டியில் மூன்று நான்கு வாரம் தனிமைப்படுத்திவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் மூடியும் போதும்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணையுங்கள். பையை மூடியபடியே 15–20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பக்கத்துக் கடையிலிருந்து வந்த பை என்றால் திறந்து தொட்டி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைமணி நேரம் சேர்க்கலாம். பல மணி நேரம் பயணித்து வந்த பையில் அப்படி இழுத்தடிக்காதீர்கள். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், திறந்ததும் அது ஏறி, சேர்ந்திருக்கும் அம்மோனியாவைக் கொடியதாக்கும். வெப்பம் சமமானதும் சீக்கிரம் மாற்றிவிடுவதே மேல். எப்படியானாலும் பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது, வலையில் அள்ளி விடுங்கள். முதல் நாள் தீனி வேண்டாம்.

மறுநாள் காலை விளக்கு போட்டதும் நியான்களைப் பார்த்துப் பலர் திடுக்கிடுவார்கள். நீலக்கோடு மங்கி, சிவப்பு பழுப்பேறி, நோயாளி போல நிற்கும். இருட்டில் அவை நிறத்தை இறக்கிவிடும், அவ்வளவுதான். சற்று நேரம் பொறுங்கள், கோடு மெல்ல ஒளி ஏறித் திரும்பும். முதலில் அறை விளக்கு, பிறகு தொட்டி விளக்கு என்று போடுவது நல்லது. கும்மிருட்டில் திடீர் வெளிச்சம் வந்தால் கூட்டம் கண்ணாடியில் போய் மோதும்.

படி 7: தீனி

வாயின் அளவைப் பாருங்கள். நியானின் வாய்க்கு ஃப்ளேக் என்ற செதில் தீனியை விரலிடையில் தூளாக்கித்தான் போட வேண்டும். சில்லி ராஸ்போராவுக்கு அதைவிடப் பொடி. மெதுவாக மூழ்கும் நுண் பெல்லெட் நல்லது, இந்த மீன்கள் பெரும்பாலும் நடுமட்டத்தில் தின்பவை. வாரத்தில் இரண்டு நாள் டாஃப்னியாவோ ஆர்ட்டீமியா குஞ்சோ (இரண்டும் நுண்ணிய நீர்வாழ் உயிர்கள்) கொடுத்தால் நிறத்தில் வித்தியாசம் தெரியும். அழுக்கு நீரில் பிடித்த உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. ஒரே இடத்தில் கொட்டாமல் தொட்டியின் நீளத்துக்குத் தூவினால் பின்தங்கும் மீனுக்கும் கிடைக்கும். வாரத்தில் ஒருநாள் ஒன்றும் போடாதீர்கள். நன்றாக இருக்கும் வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் பட்டினியைத் தாங்கும். ஊருக்குப் போகும்போது விஷயம் தெரியாத ஒருவரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதில்தான் ஆபத்து.

படி 8: வாராந்தர வேலை

கால்பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், அவ்வளவே. ஹீட்டரை முதலில் அணையுங்கள், நீருக்கு வெளியே சூடானால் கண்ணாடி வெடிக்கும். சைஃபன் குழாயால் மணலின் மேலுள்ள கசடோடு தண்ணீரை வாளியில் இறக்குங்கள், வாளியில் குட்டி மீன் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுத் தண்ணீர் தொட்டியின் வெப்பத்திலேயே இருக்க வேண்டும், குளோரின் நீக்கியிருக்க வேண்டும்.

ஸ்பாஞ்சை மாதம் ஒருமுறை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரின் பாக்டீரியாவை அழித்துவிடும், மறுபடி முதல் வாரத்துக்குப் போவீர்கள். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமைச் சுற்றி நின்றால் அட்டவணை சரி. 40ஐத் தாண்டினால் தண்ணீர் மாற்றுவதைக் கூட்டுங்கள் அல்லது தீனியைக் குறையுங்கள்.

படி 9: கூட்டத்தைப் படிப்பது

தொட்டியில் மீன்கள் எந்நேரமும் நெருங்கி அணிவகுக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிம்மதியாக இருக்கும் நியான் கூட்டம் தளர்ந்து, ஆளுக்கொரு பக்கம் மேய்ந்து, அவ்வப்போது ஒன்றுசேரும். இறுக்கமாகப் பந்துபோல் திரண்டு மூலையில் நின்றால் பயந்திருக்கிறது என்று பொருள். புது இடம், பெரிய மீனின் துரத்தல், கண்ணாடியைத் தட்டும் கை, இவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

கூட்டம் முழுக்க மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் குறைவு, அல்லது அம்மோனியாவோ நைட்ரைட்டோ ஏறியிருக்கிறது. காரணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் காற்றைக் கூட்டி முப்பது நாற்பது சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள், பிறகு சோதியுங்கள். எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் வந்த கோளாறு பெரும்பாலும் தண்ணீரில்தான். ஒரு மீனுக்கு மட்டும் என்றால் அந்த மீனைப் பாருங்கள்.

உப்பைத் தூவியது போல் உடலில் வெள்ளைப் புள்ளிகள் வந்து, மீன் கல்லில் உரசினால் அது வெள்ளைப்புள்ளி நோய். மருந்து தோலுக்குள் இருக்கும் கிருமியை எட்டாது, தண்ணீரில் நீந்தும் பருவத்தைத்தான் கொல்லும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாமல் குறிப்பில் உள்ள நாள் முழுவதும் போட வேண்டும். டெட்ராக்கள் சில மருந்துகளுக்கு மென்மையானவை, அட்டையில் அவற்றுக்கென்று தனி அளவு போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒரு நியான் மட்டும் கூட்டத்தைவிட்டு விலகி, பட்டையில் திட்டுத்திட்டாக வெளிறி, முதுகு வளைந்தால் நியான் டெட்ரா நோயாக இருக்கலாம். இதற்கு மருந்து கிடையாது. உடனே பிரித்துவிடுங்கள், ஏனென்றால் செத்த மீனை மற்றவை கொறித்தால் அவற்றுக்கும் தொற்றும்.

காலை தீனி நேரத்தில் தலையை எண்ணும் பழக்கம் வையுங்கள். பத்தில் ஒன்று வரவில்லை என்றால் அன்றே செடிக்குள்ளும் ஃபில்டருக்குப் பின்னாலும் தேடலாம். சின்ன மீன் செத்தால் உடல் ஒரு நாளில் இல்லாமல் போய்விடும்.

வருடங்கள் போனால் கூட்டம் தானாகக் குறையும். ஆறுக்குக் கீழே வந்ததும் இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அதே இனத்தில் இளம் மீன்களைத் தனிமைப்படுத்தி முடித்துச் சேர்ப்பது, அல்லது மிஞ்சியவற்றை அதே இனம் வளர்க்கும் வேறொருவரின் கூட்டத்தில் விடுவது. ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள், தொட்டி மீன் சுமக்கும் நோய் அங்குள்ள மீன்களுக்குப் பரவும். இரண்டாவது வழியை எடுத்தால் காலித் தொட்டியின் ஃபில்டரை நிறுத்திவிடாமல், அடுத்த கூட்டம் வரும்வரை கொஞ்சம் அம்மோனியா விட்டு ஓடவிடுங்கள், பாக்டீரியா உயிரோடிருக்கும்.